கொட்டை மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எட்டுப் பேர் உட்காரும் சின்ன ஸ்பெஷாலிட்டி காபிக் கடை வைத்திருக்கிறேன். சிக்மகளூர் அராபிகாதான் வாங்குகிறேன். போர்வெல் தண்ணீர் கரித்ததால் ஆர்.ஓ. போட்டேன். அதிலிருந்து பேப்பர் பில்டரில் இறக்கும் காபி புளிக்கிறது, சப்பென்றும் இருக்கிறது. இன்னும் விலை கூடிய கொட்டைக்கு மாறலாமா? - ஒரு வாசகர்

பதில்: வேண்டாம். எவ்வளவு கூட்டிக் கொடுத்து வாங்கினாலும் இதே புளிப்புதான் வரும். கோப்பையில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதைச் சக்கையாக்கி வைத்துக்கொண்டு கொட்டையைக் குறை சொல்வது நியாயமில்லை.

தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும்தான் தூளிலிருந்து சுவையை இழுத்து வருகின்றன. பைகார்பனேட் புளிப்பைத் தணிக்கிறது. ஆர்.ஓ. உப்போடு சேர்த்து இந்த மூன்றையும் கழித்துவிட்டது. இளவறுப்பு அராபிகாவின் அமிலம் தணிப்பாரின்றி நாக்கில் நிற்கிறது. பக்கத்துக் கடை டிகிரி காபி மட்டும் எப்படி நன்றாயிருக்கிறது என்பீர்கள். கருக்க வறுத்த கொட்டையில் அமிலம் குறைவு. சிக்கரியும் பாலும் மிச்சத்தை மூடிவிடும். உங்கள் காபிக்கு அந்தப் போர்வை இல்லை.

10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 2 கிராம் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்), 0.7 கிராம் சமையல் சோடா (சோடியம் பைகார்பனேட்) கரையுங்கள். எப்சம் உணவுத் தரமாக இருக்க வேண்டும், உரக்கடைச் சரக்கு கூடவே கூடாது. நகைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். சோடா கூடினால் காபி மழுங்கிவிடும். இது கையால் இறக்கும் காபிக்கு மட்டும். எஸ்பிரெசோ மெஷினுக்கு ஆர்.ஓ.வை அடுத்து, தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் மினரல் கார்ட்ரிட்ஜ் மாட்டுங்கள். வெறும் ஆர்.ஓ. நீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. பாய்லரில் மட்டம் பார்க்கும் கம்பிக்குத் தண்ணீர் இருப்பதே தெரியாமல், மெஷின் மேலும் மேலும் நிரப்பிக்கொண்டே போகும்.

கொஞ்சம் போர்வெல் தண்ணீரைக் கலந்து டி.டி.எஸ். மீட்டரில் 150-க்குக் கொண்டுவரச் சிலர் சொல்வார்கள். கடலோரத்தில் அதைக் கேட்காதீர்கள். கரைந்ததையெல்லாம் ஒன்றாகக் கூட்டிக் காட்டுவதுதான் அந்த மீட்டர். அதில் பெரும்பங்கு வெறும் உப்பாகவே இருக்கலாம். மீன் தொட்டிக் கடையில் ஜி.எச். (கால்சியம், மக்னீசிய அளவு), கே.எச். (பைகார்பனேட் அளவு) பார்க்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி கிடைக்கும். முதலாவது 4, 5 டிகிரி என்றும், இரண்டாவது 2 டிகிரி என்றும் வந்தால் போதும்.

பிறகு 15 கிராம் தூளுக்கு 250 கிராம் தண்ணீர், 93 டிகிரி சூட்டில். முதலில் 40 கிராம் ஊற்றி 40 விநாடி ஊறவிட்டு, மொத்தம் மூன்று நிமிடத்தில் வடியும்படி மிச்சத்தை ஊற்றுங்கள். இரண்டு நிமிடத்திலேயே வடிந்தால் தூள் பருவெட்டு. இன்னும் நைசாக அரையுங்கள். கடற்காற்றில் கொட்டை ஈரம் இழுக்கும், கிரைண்டர் ஹாப்பரில் இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு புளித்தால் பையில் வறுத்த தேதியைப் பாருங்கள். வறுத்து நாலு நாள்கூட ஆகாத கொட்டையிலிருந்து வெளியேறும் கரியமில வாயு, தண்ணீரைத் தூளோடு சேரவிடாது. ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு இறக்குங்கள்.