‘கேஸை மூடினேனா?’: ஓ.சி.டி. குறித்த கேள்விகளும் பதில்களும்

வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வருவதும், அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதுமான, ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயைப் பற்றியும் அதோடு வரும் பதற்றத்தைப் பற்றியும் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் இதோ. நான் மருத்துவ உளவியலாளர். மாத்திரையின் அளவை மனநல மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஈரோடு, இளம் தாய்: குழந்தைக்கு மூன்று மாதம். கத்தியைத் தொட்டாலே அவளைக் குத்திவிடுவேனோ என்று தோன்றுகிறது. அரிவாள்மனையைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். நான் தாய்தானா?

அம்மா, இதை எழுதவே உங்களுக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! பிரசவத்துக்குப் பிறகு இப்படி எண்ணம் வந்து, அதைக் கண்டு நடுங்கும் தாய்மார்கள் பலர். வெளியே சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயந்து வாயைத் திறப்பதில்லை.

1978இல் உளவியலாளர்கள் ராக்மனும் இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எந்த மனநோயும் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கும், நோயாளிகளுக்கு வருவதைப் போன்ற கோரமான எண்ணங்கள் வந்து போகின்றன என்று அதில் தெரிந்தது. அவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். நீங்களோ அந்த எண்ணத்தை உங்கள் குணத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு உங்களையே கூண்டில் ஏற்றுகிறீர்கள். அரிவாள்மனையை அப்புறப்படுத்தியதும் அச்சம் ஒரு நாள் தணிந்திருக்கும். மறுநாள் கத்தரிக்கோலைக் கண்டு பயம் வந்திருக்கும்.

‘பாவி’ என்று உங்களைத் திட்டிக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள். ‘பயமாக இருக்கிறது. இந்த நிலையில் யாருக்கும் பயம் வரும்’ என்று ஒருமுறை சொல்லிக்கொண்டு குழந்தைக்குப் பாலைக் கொடுங்கள். ஒருமுறைதான். ‘நான் நல்லவள், நான் நல்லவள்’ என்று நூறு முறை சொன்னால் அதுவும், பதற்றம் தணிய இந்த நோயாளிகள் சிலர் திரும்பத் திரும்பக் கைகழுவுவதைப் போன்ற சடங்காகிவிடும்.

இந்த வாரமே மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். காதில் குரல் கேட்டாலோ, குழந்தைக்குள் ஏதோ தீய சக்தி இருப்பதாகத் தோன்றினாலோ, தூக்கமே இல்லாமல் பரபரப்பாக இருந்தாலோ அது வேறு நோய், அவசரமானது. குழந்தையோடு தனியாக இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மதுரை, கல்லூரி மாணவர்: எண்ணத்தை அடக்க வழி சொல்லுங்கள்.

அடக்காதீர்கள் தம்பி. வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு அதே நினைவு திரும்பத் திரும்ப வந்ததை உளவியலாளர் வெக்னர் 1987இல் சோதித்தே காட்டினார்.

சென்னை: அலமாரியை ஒழுங்காக அடுக்காவிட்டால் எனக்குப் பிடிக்காது. எனக்கும் ஓ.சி.டி.தானே?

அது ரசனை. தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ, வேலையையும் உறவையும் கெடுத்தாலோ வாருங்கள்.

கோவை, கணவர்: இரவில் படுத்த பிறகு ‘கேஸை மூடினேனா’ என்று என் மனைவி பத்து முறை கேட்கிறாள். ரெகுலேட்டரைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்துக்கொண்டும் கேட்கிறாள். பதில் சொல்வதா, வேண்டாமா?

நீங்கள் சொல்லும் ஒவ்வொரு ‘மூடிவிட்டாய்’க்கும் சில நிமிடம்தான் ஆயுள். அந்தப் படமும் அப்படித்தான்: இது இன்று எடுத்ததா, நேற்று எடுத்ததா என்று அடுத்த சந்தேகம் வரும். 1966இல் உளவியலாளர் விக்டர் மேயர் தொடங்கிவைத்த சிகிச்சையின் அடிப்படை, அச்சத்தை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருந்து பழகுவது. ஆனால் இன்றிரவே திடீரென்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். பகலில், அவர் அமைதியாக இருக்கும்போது இருவரும் பேசி முடிவெடுங்கள்: முதல் வாரம் எத்தனை முறை பதில், அதன்பின் என்ன சொல்வது என்று.

தஞ்சாவூர், வாசகி: இதை ஏற்க மாட்டேன். என் அம்மா இப்படிக் கேட்டுக் கேட்டு அழுவார். வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. பதில் மறுப்பதா கனிவு?

உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் அம்மாவுக்குக் கிடைத்தது புறக்கணிப்பு. அதைச் சிகிச்சை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நான் சொல்வதில் கணவர் எழுந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ‘ரொம்பப் பயமாக இருக்கிறது, இல்லையா? பதில் சொல்ல மாட்டேன், ஆனால் கூடவே இருக்கிறேன்’ என்கிறார். கேள்விக்குத்தான் பதில் இல்லை. ஆளுக்குத் துணை இருக்கிறது.

தஞ்சாவூர், அதே வாசகி: அழுதால்?

மனைவி அழட்டும், கணவர் கூடவே இருக்கட்டும். பதற்றம் ஏறும், பிறகு பெரும்பாலும் தானே இறங்கும். உடனே இறங்காவிட்டாலும், பதற்றத்தோடு இருக்க முடிகிறது என்று மனைவி கற்றுக்கொள்வதே பெரிது. தாங்கவே முடியாவிட்டால் அந்தப் படி உயரமாகிவிட்டது. சிறிய படிக்கு இறங்க வேண்டும். படிகளை வகுக்கச் சிகிச்சையாளர் தேவை என்பது இதனால்தான்.

நெல்லை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: எங்கள் காலத்தில் ஓர் அதட்டலில் சரியாகிவிடும்.

இல்லை ஐயா. அதட்டலுக்குப் பயந்து கழிவறைக்குள் மறைந்து கை கழுவியிருப்பார்கள்.

சேலம்: சாமி கும்பிடும்போது அசிங்கமான எண்ணம் வருகிறது. எந்தக் கோயிலில் பரிகாரம் செய்ய?

பக்தி உள்ளவருக்குத்தான் இந்த எண்ணம் இவ்வளவு வலிக்கும். கும்பிடுவதை விடாதீர்கள். எண்ணம் வந்தது என்பதற்காக மறுபடி முதலிலிருந்து கும்பிடுவதை மட்டும் விடுங்கள். பரிகாரத்துக்கும் அதே எச்சரிக்கை: அது நூறாவது ‘மூடிவிட்டாய்’.

திருச்சி, வேலூர், நாகர்கோவில் முதலிய பலர்: இன்ன எண்ணம் வருகிறது. நான் கெட்டவனா?

ஈரோட்டு அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள். உங்களில் ஒருவர் வார்த்தையை மாற்றி மாற்றி ஐந்து கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள். உங்களை எனக்குப் புரிகிறது, அதனால்தான் ஆறாவதற்குப் பதில் எழுத மாட்டேன்.

திண்டுக்கல்: செர்ட்ராலின் என்ற மாத்திரை தொடங்கி இரண்டு வாரம். பலன் இல்லை. நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓ.சி.டி.க்கு இவ்வகை மருந்துகள் பலன் தர 8 முதல் 12 வாரம் ஆகலாம்; மனச்சோர்வுக்குத் தருவதைவிட அதிக அளவும் தேவைப்படலாம். எழுதித் தந்தவரிடமே பேசுங்கள்.

புதுக்கோட்டை: வசதியில்லாதவர்கள் எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் ஓ.சி.டி.க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. முதலில் பேச மட்டும் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். எதிரே அமர்ந்ததும் ‘எனக்குப் பதற்றம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். என்ன எண்ணம், அதற்காக என்ன செய்கிறீர்கள், ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள்.