அம்மாவின் சேலைகளும் முடியாத நான்கு போர்வைகளும்

கேள்வி: அக்கா, தக்கலைப் பக்கம் இருக்கிறேன். வயது 58. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, துண்டுத்துணிகளைக் கையாலேயே ஒட்டித் தைத்துப் போர்வை செய்யப் பழகினேன். இப்போது பெட்டியில் நான்கு அரைகுறை வேலைகள் கிடக்கின்றன. ஒன்றில் மேல்துணி முழுக்க முடிந்துவிட்டது, அடித்துணி வைத்துத் தைக்கப் பயமாக இருக்கிறது. இன்னொன்று பேரன் பிறந்தபோது தொடங்கியது. அவன் இப்போது இரண்டாம் வகுப்பு. மூன்றாவது ஒரு நட்சத்திர டிசைன், பாதியில் சலித்துவிட்டது. நான்காவது, இறந்துபோன அம்மாவின் சேலைகளில் வெட்டிய அறுகோணங்கள். எடுத்தாலே கை ஓடவில்லை. "எல்லாத்தையும் மார்த்தாண்டத்துல தையல் கடையில குடுத்து மிஷின்ல அடிச்சிரு, இல்லைன்னா தூக்கிப் போடும்மா. இந்தக் காலத்துல யாரு கையால தைக்கா?" என்கிறாள் மகள். என்ன செய்யட்டும்? நடுவில் வைக்கப் பஞ்சுக்குப் பதில் பழைய வேட்டி போதுமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

தூக்கிப் போட வேண்டாம். நான்கையும் மிஷினில் அடிக்கவும் வேண்டாம். நான்கும் ஒரே பெட்டியில் கிடப்பதால் மொத்தமாக ஒரே குற்றம் போல உங்களுக்குத் தெரிகிறது. உங்கள் கடிதத்தை நீங்களே திரும்பப் படித்துப் பாருங்கள். ஒன்று பயத்தில் நிற்கிறது, ஒன்று காலம் தாண்டியதால், ஒன்று சலிப்பில், ஒன்று துக்கத்தில். தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. துணியில் குத்தி வைத்திருக்கும் குண்டூசிகளை எல்லாம் உருவிவிடுங்கள். ஆனி, ஆடி மழையையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் சேர்த்து வாங்குகிறது நம் குமரி மாவட்டம். அந்த ஈரக்காற்றில் ஊசி துருப்பிடித்து, குத்தின இடத்தில் செம்பழுப்புக் கறை இறங்கிவிடும். ஏற்கெனவே இறங்கியிருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம். ஆனால் எலுமிச்சை சாயத்தையும் வெளுக்கும், ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். பிறகு எல்லாத் துணியையும் நிழலில் காற்றாடப் போட்டு, பிளாஸ்டிக் கவரில் கட்டாமல் பழைய பருத்தித் தலையணை உறையில் வையுங்கள்.

முதலில் முடிக்க வேண்டியது மேல்துணி தயாராக இருப்பதைத்தான். இத்தனை மாதம் தைத்ததை ஒரே நாளில் கெடுத்துவிடுவோமோ என்பதுதானே பயம்? கெடாது. ஹாலில் தரையைத் துடைத்துக் காயவிட்டு, அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, ஓரங்களைச் செல்லோ டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். விறைப்பாக இழுக்க வேண்டாம், சுருக்கம் போனால் போதும். அதன்மேல் நடுத்துணி, அதன்மேல் உங்கள் மேல்துணி. உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம் வரை தடவிவிடுங்கள். நடுவிலிருந்தே தொடங்கி, நான்கு விரல் இடைவெளியில் பெரிய பெரிய ஓட்டுத்தையலாகப் போட்டு மூன்றையும் பிடித்து வையுங்கள். இது பின்னால் உருவப்போகிற தையல், அழகு பார்க்க வேண்டியதில்லை. இந்த வேலைக்கு மட்டும் சோம்பல்படாதீர்கள். அடித்துணியில் மடிப்பு விழுவது பெரும்பாலும் இதைச் சரியாகச் செய்யாததால்தான். அப்புறம் நிஜத் தையல், அதுவும் நடுவிலிருந்து வெளியே. தையல் பொடியாக விழவில்லையே என்று கவலைப்படாதீர்கள். ஒரே அளவாக விழுந்தால் போதும், பார்க்கிறவர் கண்ணுக்கு அதுதான் தெரியும்.

பேரனின் போர்வை வளர்ந்த பிள்ளைக்கு ஏற்றபடி வளரட்டும். நான்கு பக்கமும் அகலமாகக் கரை வைத்தால் இரண்டாம் வகுப்புப் பையன் போர்த்திக்கொள்ளும் அளவு வந்துவிடும். கரைக்குப் பழைய சாரம், அதாவது லுங்கி, நல்லது. கட்டம் போட்ட சாரமாக இருந்தால் வெட்டுவதற்குக் கோடும் அதிலேயே இருக்கிறது. எந்த நிறம் என்பதை அவனையே கேளுங்கள்.

நட்சத்திரம் சலித்துவிட்டது என்கிறீர்கள். சரி, சலித்தது சலித்ததுதான். முடிந்த மட்டில் வெட்டி இரண்டு தலையணை உறை தையுங்கள், அல்லது பழக ஆசைப்படும் பெண் யாராவது இருந்தால் ஊசி நூலோடு கொடுத்துவிடுங்கள். தொடங்கியதையெல்லாம் நாமேதான் முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இனி அம்மாவின் சேலைகள். கடிதத்தில் இதற்கு நீங்கள் கொடுத்தது ஒரே வரி. ஆனால் மற்ற மூன்றும் நின்றதற்கே இதுதான் காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது. முடித்துவிட்டால் அம்மாவோடு உட்கார்ந்திருக்கும் நேரமும் முடிந்துவிடும் என்று மனது பயப்படும். இதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அது கைவேலை சம்பந்தப்பட்டது. அறுகோணத்துக்கு எல்லை கிடையாது. ஒன்றைச் சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, அதைச் சுற்றிப் பதினெட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கே நிறுத்துவது என்று துணி சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். வட கர்நாடகத்தில் ஹளியாள், எல்லாப்பூர் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்றொரு போர்வை தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அடியில் ஒரு பழைய பருத்திச் சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் துண்டு வைத்துத் தைத்தபடியே நடுவுக்கு வருவார்கள். துண்டு ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே ஓட்டுத்தையலில் நடந்துவிடும். கடைசியில் நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைப்பார்கள். அது இல்லாவிட்டால் போர்வை முடிந்ததாகவே கணக்கில்லை. எவ்வளவு பெரிதாக வரும் என்பது முதல் நாளே தீர்மானமாகிவிடுகிறது பாருங்கள். அந்தத் தீர்மானம்தான் உங்கள் வேலையில் இல்லை. உங்கள் முறையை மாற்றச் சொல்லவில்லை, ஓரத்தை மட்டும் இப்போதே முடிவு செய்யுங்கள். வெட்டின அறுகோணங்களைத் தரையில் பரப்பிப் பாருங்கள். கட்டில் அளவு வராவிட்டால் மடியில் போட்டுக்கொள்ளும் அளவு வரும், அதுவும் முழுப் போர்வைதான். அந்த அளவுக்கு ஒரு நூலைக் கட்டி வைத்துவிடுங்கள். மீதிச் சேலையை வெட்டாமல் மடித்து வையுங்கள். அம்மாவின் சேலை வீட்டில் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தால் கை தானாக ஓடும்.

வெட்டின துண்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விலகி வெளிச்சம் ஊடுருவினால், பின்னால் மெல்லிய பருத்தி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வடிவம் குலையாமல் இருக்க ஒவ்வொரு துண்டின் உள்ளேயும் வைக்கும் அறுகோண அட்டைக்கு, வீட்டில் சேர்ந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகள் நல்ல கனம். துணியின் ஓரத்தை அட்டைமேல் மடித்து நூலால் பிடித்து, இரண்டு அறுகோணங்களை முகத்தோடு முகம் வைத்து, மடிப்பின் விளிம்பில் ஓரிரு இழை மட்டும் ஊசியில் எடுத்துச் சுற்றித் தைக்க வேண்டும். ஊசி அட்டையில் இறங்கக்கூடாது. முனை அட்டையில் உரசுவது விரலுக்கே தெரியும். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், நீளமானால் முடிச்சு விழும். நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டால் சிக்காமல் ஓடும். மார்த்தாண்டத்தைச் சுற்றித் தேனீ வளர்ப்பவர்கள் இருக்க, மெழுகுக்கு என்ன குறை? ஆறு பக்கமும் சேர்ந்த பிறகுதான் அட்டையை உருவ வேண்டும். பெருவிரல் நகத்தால் தையலை அழுத்தி விரித்துப் பார்க்கும்போது மூன்று மூலைகள் ஒரே புள்ளியில் வந்து உட்கார்ந்திருக்கும். அந்தச் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்பேன். குழித்துறை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போதும், கரண்ட் இல்லாத மத்தியானத்திலும், தங்கச்சியோடு பழங்கதை பேசிக்கொண்டே இருக்கும்போதும் செய்யலாம். மிஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

மகள் மேல் கோபப்பட வேண்டாம். போர்வையின் விளிம்பைச் சுற்றி மூடும் ஓரப்பட்டியின் முதல் தையலையோ நீள நேர்த்தையலையோ மிஷினில் போடுவதில் ஒரு தவறும் இல்லை. நேரம் மிச்சமாகும், உறுதியும் கூடும். ஆனால் யார் கையால் தைக்கிறார்கள் என்று கேட்டாளே, அதற்கு நம் மாவட்டமே பதில் சொல்லும். 1819-இல் மிஷனரியான கணவரோடு நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட், இங்குள்ள பெண் பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையை வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கைவேலை முளகுமூடு வரை பரவியது. ஊசி பிடித்த பெண்ணை வேலையில்லாதவள் என்று நினைக்க இந்த மண்ணில் இடமில்லை. இதை அவளிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டி சேலையின் ஒரு அறுகோணத்தை அவள் கையிலும் கொடுத்துப் பாருங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பழைய பருத்தி வேட்டி தாராளமாகப் போதும். நம் ஊர் வெக்கைக்குப் பஞ்சை விட அதுதான் பொருத்தம், தோய்த்தாலும் சீக்கிரம் காயும். உதிரிப் பஞ்சு வைத்தால் அது நகராமல் இருக்க நெருக்கமாகத் தைக்க வேண்டும், வேட்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பலமுறை தோய்த்துச் சுருங்கி முடிந்த வேட்டியாகப் பார்த்து இரண்டு மடிப்பாக வையுங்கள். புது வேட்டிதான் இருக்கிறது என்றால் முதலில் நனைத்துக் காயவையுங்கள். ஜரிகைக் கரை இருந்தால் கிழித்து எடுத்துவிடுங்கள், கையால் தைக்கும்போது அதில் ஊசி சுலபமாக இறங்காது.