நீட் கோச்சிங்குக்காக அரசுப் பள்ளியை விட்டு மாற்றலாமா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் படித்து, பத்தாம் வகுப்பில் 441 எடுத்திருக்கிறாள். அறிவியலில் 94, கணக்கில் 81. டாக்டராக வேண்டும் என்கிறாள். மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் நீட் கோச்சிங்கோடு சேர்த்து இரண்டு வருடத்துக்கு 3 லட்சம் கேட்கிறார்கள். மொத்தமாகக் கட்டினால் 40,000 தள்ளுபடியாம். வீட்டுக்கு வந்த அவர்களுடைய ஆள் 5,000 அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, இந்த வாரத்துக்குள் டிசி வாங்கி வரச் சொல்லிவிட்டுப் போனார். பிசிக்ஸ் என்றாலே அவளுக்குப் பயம். சேர்க்கலாமா? இளையவன் ஆர்டிஇ-யில் (கல்வி உரிமைச் சட்டத்தில் கிடைத்த இலவச இடத்தில்) தனியார் பள்ளியில் எட்டாவது முடித்திருக்கிறான்.
– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: டிசி வாங்காதீர்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020-ல் வந்த சட்டம். கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி எல்லாமே இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிதான். நீட்டில் தகுதி பெற வேண்டும், அதில் சலுகை கிடையாது. ஆனால் இந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைக்கும் மதிப்பெண், பொதுவான கட்-ஆஃபைவிடக் கணிசமாகக் குறைவு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. உங்கள் மகள் பத்தாவது வரை வந்துவிட்டாள், மீதி இரண்டே வருடம். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்ந்தால் அந்த உரிமை போய்விடும். பிளஸ் டூவுக்குத் திரும்பி வந்தாலும் வராது. 3 லட்சத்தையும் கொடுத்து இதையும் இழப்பதா?

உங்கள் வீட்டுக்கு வந்த ஆளுக்கு இது தெரியாமல் இருக்காது. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவர் ஏன் சொல்லப்போகிறார்? பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கே பெற்றோர் போனுக்கு அழைப்பு வருகிறது. பிள்ளையின் பெயர், மதிப்பெண், படித்த பள்ளி எல்லாம் அந்த முனையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கிறது. நம்பர் எங்கிருந்து போகிறது என்று கல்வித் துறை ஒரு தடவையாவது தேடிப் பார்த்திருந்தால் பாதித் தரகர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

அரசுப் பள்ளி சரியில்லை, நல்ல பள்ளியாகப் பார்க்கிறோம் என்று உதவிபெறும் பள்ளிக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. அங்கே சம்பளம் அரசு கொடுத்தாலும் பள்ளி அரசுப் பள்ளி ஆகாது, 7.5 கிடைக்காது. ஓர் அரசுப் பள்ளியிலிருந்து இன்னோர் அரசுப் பள்ளிக்கு மாறினால் பிரச்சினை இல்லை. பிசிக்ஸ் ஆசிரியர் இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளி எது என்று விசாரித்து, தேவைப்பட்டால் அங்கே மாற்றுங்கள். ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் அதை நிரப்பச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதற்குள் அவள் பிளஸ் டூ முடித்துவிடுவாள்.

இளையவன் விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அவசரமாகத் தெரிகிறது. 6-லிருந்தே அரசுப் பள்ளி என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ஆர்டிஇ இடத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 கிடைக்கும். ஆர்டிஇ எட்டாவதோடு முடிகிறது. அதே பள்ளியில் நீங்கள் பணம் கட்டி ஒன்பதாவது தொடர்ந்தால் இந்த விலக்கு அவனுக்குப் பொருந்தாது. பத்தாவது முடித்துவிட்டு வருகிறோம் என்றாலும் பொருந்தாது. ஒன்பதாவதிலேயே வந்திருக்க வேண்டும். கட்டணம் கட்டிப் படித்த தனியார் பள்ளிப் பிள்ளைக்கும் இது கிடையாது, ஆர்டிஇ-யில் சேர்ந்ததற்கான சான்று வேண்டும். இப்போதே அந்தப் பள்ளியில் எழுதி வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நாலு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் பதிவேடு கிடைக்கவில்லை என்பார்கள். அவனுக்கு டாக்டர் ஆசை இல்லையே என்று விடாதீர்கள். பொறியியலுக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் இருக்கிறது.

சரி, பிசிக்ஸுக்கு வருவோம். நீட்டில் 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். அதில் பிசிக்ஸ் 45 கேள்வி, 180 மதிப்பெண். உயிரியல் 90 கேள்வி என்பதால் மனப்பாடத்தில் ஓட்டிவிடலாம் என்று நினைக்கிற பிள்ளைகள் பிசிக்ஸில்தான் நிற்கிறார்கள். பல பிள்ளைகளுக்கு அந்தப் பயம் உண்மையில் கணக்குப் பயம்தான். உங்கள் மகள் அறிவியலில் 94, கணக்கில் 81 வாங்கியிருப்பதைப் பார்த்தால் இவளுக்கும் அதுவாகத்தான் தோன்றுகிறது. பிளஸ் ஒன் பிசிக்ஸ் புத்தகத்தில் இரண்டாவது பாடத்திலேயே வெக்டரும் (திசையும் சேர்ந்த அளவு) வகையிடலும் (ஓர் அளவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கண்டுபிடிக்கும் கணக்கு, டிஃபரென்சியேஷன்) வந்துவிடும். கணக்குப் புத்தகத்தில் வகையிடல் இரண்டாம் தொகுதியில். அதற்கு முன்பே பிசிக்ஸ் வகுப்பில் அதைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். கணக்கு எடுக்காத குரூப் என்றால் யாருமே சொல்லித் தர மாட்டார்கள். இந்த வரிசையைப் போட்டவர்கள் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஓர் உதாரணம். ஒரு பொருள் சென்ற தூரம் 3t² + 2t என்று கொடுத்து, வேகமும் முடுக்கமும் கேட்பார்கள். வகையிடத் தெரிந்தால் வேகம் 6t + 2, முடுக்கம் 6. அரை நிமிடத்தில் முடியும். தெரியாத பிள்ளை எந்தச் சூத்திரத்தில் போடுவது என்று தேடிக்கொண்டே இருக்கும். அதனால் பக்கத்தில் ஒரு நல்ல பிசிக்ஸ் டியூஷன் பிடித்து, முதல் மாதம் பாடத்தையே தொடாமல் sin, cos, வெக்டரைக் கூறுகளாகப் பிரிப்பது, எளிய வகையிடல், மடக்கை (log) இவற்றை மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். உயிரியலும் கணக்கும் சேர்ந்த குரூப் எடுத்தால் பொறியியல் வழியும் திறந்திருக்கும்.

இன்னொன்று. 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளுக்கு நிம்மதிதான். ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டுப் பிளஸ் டூவுக்குத் தாவும் பழக்கம் பழையபடி தலைதூக்கும். நீட்டில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன்தான்.

டியூஷன் மாஸ்டரைத் தேர்வு செய்யும்போது வாசலில் இருக்கும் ஃபிளெக்ஸைப் பார்க்காதீர்கள். ஒரே பிள்ளையின் போட்டோ மூன்று சென்டர் வாசலில் சிரிக்கும். ஒன்றில் படித்திருக்கும், ஒன்றில் மாதிரித் தேர்வு மட்டும் எழுதியிருக்கும், மூன்றாவது எப்படி வந்தது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. தேர்ச்சிக்குப் பிறகு எழுத்துபூர்வமான சம்மதம் வாங்காமல் போட்டோ போடக் கூடாது, எந்தப் பயிற்சி கோர்ஸில் படித்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-லேயே சொல்லிவிட்டது. ஃபிளெக்ஸ் அடிக்கிறவர்கள் காதில் அது விழவில்லை. நீங்கள் போய், மாதிரித் தேர்வில் தப்பான கேள்வியை யார், எப்போது உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் ஓஎம்ஆர் தாள் திருத்துகிறார்கள், அவ்வளவுதான்.

பணத்தை மாதாமாதம் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். மொத்தக் கட்டணத் தள்ளுபடி என்பது பாதியில் பிள்ளை வெளியேறிவிடாமல் போடும் பூட்டு. பாதியில் நின்றால் மீதிக் காலத்துக்கான தொகையைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. வழிகாட்டுதல்தான், உங்களுக்காக யாரும் வந்து வாங்கித் தர மாட்டார்கள். அசல் சான்றிதழ் எதையும் எந்த சென்டரிலும் கொடுத்து வைக்காதீர்கள். பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது. ஆனால் பிடித்து வைப்பார்கள்.

அந்த 5,000-ஐ இன்றே திருப்பிக் கேளுங்கள். போனில் பேசினால் போதாது. சேர்க்கவில்லை, பணத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று அந்த ஆளுக்கும் பள்ளிக்கும் வாட்ஸப்பில் எழுதுங்கள். ஜிபே-யில் அனுப்பியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் சேருங்கள். ஒரு வாரத்தில் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. புகார் எண் ஒன்று வந்ததும் பல பேர் பணத்தை அனுப்பிவிடுவார்கள்.