மொரிங்கா என்பது நம் முருங்கைதானா?

கேள்வி: கடையில் வாங்கிய கீரைப் பொடி டப்பாவில் 'மொரிங்கா ஒலிஃபெரா' என்று போட்டிருக்கிறது. அம்மாவின் பழைய மூலிகைப் புத்தகத்திலோ முருங்கைக்கு 'மொரிங்கா டெரிகோஸ்பெர்மா' என்று இருக்கிறது. இரண்டும் வேறு வேறு மரமா?

பதில்: ஒரே மரம்தான். கொல்லையில் நிற்கிற அதே முருங்கை. முன்பாதியில் இருக்கும் மொரிங்கா லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை, தமிழ் முருங்கையும் மலையாள முரிங்ஙவும் வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆகிவிட்டது, தாவரங்களுக்கு இரட்டைச் சொல் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸே 1753இல் இந்த மரத்துக்குப் பெயர் வைக்கும்போது அந்தச் சொல்லை விடாமல் சேர்த்துக்கொண்டார். பின்பாதிதான் லத்தீன். ஒலிஃபெரா என்றால் எண்ணெய் தருவது. முருங்கை விதையை ஆட்டினால் நல்ல எண்ணெய் கிடைக்கும், ஒரு காலத்தில் கடிகாரத்துக்குக்கூட அதைப் போட்டிருக்கிறார்கள். டெரிகோஸ்பெர்மா கிரேக்கம், சிறகுள்ள விதை என்று அர்த்தம். முற்றிய காயைப் பிளந்து பாருங்கள், ஒவ்வொரு விதையிலும் காகிதம் மாதிரி மூன்று சிறகு இருக்கும். எனக்கு இந்தப் பெயர்தான் அழகாகப் படுகிறது, ஆனால் லாமார்க் என்ற பிரெஞ்சு தாவரவியலாளர் வைத்த ஒலிஃபெரா 1785, இது 1791. இந்த இரண்டில் முந்திய பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் விதி.

சரி, முருங்கை என்றால் என்ன? முருங்குதல் என்ற பழைய வினைக்கு முறிதல் என்று பொருள் உண்டு. காய் பறிக்கக் கிளையில் கால் வைத்தவர்களுக்கு அது ஏன் பொருத்தம் என்று தெரியும். அகநானூற்றின் முதல் பாட்டிலேயே மாமூலனார் 'நாரில் முருங்கை' என்கிறார், நார் இல்லாத மரம் என்று ஒரே சொல்லில் பிடித்துவிட்டார்.

கேள்வி: அப்போ தவசிமுருங்கையும் இதில் ஒரு வகையா?

பதில்: இல்லை. பெயரில் மட்டும்தான் முருங்கை, அது ஆடாதோடை குடும்பத்துச் சின்னச் செடி. அதன் பெயர் ஜஸ்டீசியா டிராங்குபாரியென்சிஸ். முதல் சொல் ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரரின் நினைவாக வந்தது. இரண்டாவது நம் ஊர்ப் பெயர்: டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை டிராங்குபார் என்றுதான் சொன்னார்கள், 'என்சிஸ்' என்று முடிந்தால் இன்ன ஊரைச் சேர்ந்தது என்று அர்த்தம். அடுத்த முறை அந்தச் செடியைப் பார்த்தால் தரங்கம்பாடிச் செடி என்றே வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.