புகழின் உச்சியில் இருந்த ராக் கலைஞர்கள் தொடக்ககால பங்க் அரங்குகளுக்குச் சென்றார்களா?

1970களில் எழுந்த, வேகமும் எளிமையும் கொண்ட முரட்டு ராக் இசையான பங்க்கைப் பின்பற்றிய இளைஞர்கள் பழைய ராக் குழுக்களை வெறுத்தார்கள் என்றால், அந்தக் குழுக்களின் நட்சத்திரங்கள் பங்க் அரங்குகளுக்குச் சென்றதாகக் கூறப்படுவது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான்.

1977இன் தொடக்கத்தில், லண்டன் நகரின் நீல் தெருவில் இருந்த ராக்ஸி என்ற சிறிய அரங்கிற்கு, லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் டேம்ட் என்ற பங்க் குழுவின் இசையைக் கேட்க வந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் பான்டியாக் நகரில் 76,000க்கும் மேற்பட்டோர் முன் வாசித்தவர்கள் இவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், மேடைக்கும் கூட்டத்திற்கும் இடையே கைக்கெட்டும் தூரமே இருந்த அந்த இடம் அவர்களை ஏன் ஈர்த்திருக்கும் என்பது விளங்கும்.

மற்றொரு ராக் நட்சத்திரமான மார்க் போலன் பார்வையாளராக மட்டும் நின்றுவிடவில்லை, தமது டி. ரெக்ஸ் குழுவின் 1977 மார்ச் சுற்றுப்பயணத்தில் டேம்ட் குழுவையே தமக்கு முன்னதாக மேடையேற்றினார். இளையவர்களுக்குத் தம் ரசிகர்களையே பகிர்ந்தளித்த இந்தச் செயலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நியூயார்க்கில் நிலைமை வேறு. 1973 டிசம்பரில் ஹில்லி கிரிஸ்டல் தொடங்கிய சிபிஜிபி என்ற பங்க் அரங்கிற்கு ராக் பாடகர் லூ ரீட் வந்தபோது, அங்கிருந்தோர் அவரைத் தங்கள் முன்னோடியாகவே கருதினார்கள். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவில் அவர் உருவாக்கிய இசையிலிருந்துதான் அவர்களில் பலர் கற்றிருந்தார்கள்.