பழைய டிஸ்க்க கழட்டுனா விண்டோஸ் வரல: பதில்

சி டிரைவ மட்டும் புது எஸ்எஸ்டிக்கு காப்பி பண்ணிட்டு பழைய ஹார்ட் டிஸ்க்க கழட்டுனா விண்டோஸ் வரலன்னு கேட்டிருக்கீங்க. முழு டிஸ்க்கையும் குளோன் (அப்படியே அச்சு அசலா காப்பி) பண்ணுங்க, சி டிரைவ் மட்டும் போனா பழச கழட்டுனதும் பூட் ஆகாது, அதாவது விண்டோஸ் ஸ்டார்ட் ஆகாது.

ஏன்னா பூட் ஃபைல் எல்லாம் சி டிரைவ்ல இல்ல, அதே டிஸ்க்ல தனியா ஒரு சின்ன பார்ட்டிஷன்ல (டிஸ்க்க பிரிச்ச ஒரு பகுதி) இருக்குது. பெரும்பாலும் 100 எம்பி, சி, டி மாதிரி லெட்டர் இல்லாததால திஸ் பிசில கண்ணுக்கே தெரியாது. பழைய டிஸ்க் மாட்டி இருக்கறப்போ அதுல இருந்துதான் பூட் ஆகிக்கினு இருக்குது.

செக் பண்ண ரெண்டு டிஸ்க்கையும் மாட்டி, விண்டோஸ்லயே இருக்குற டிஸ்க் மேனேஜ்மென்ட் தொறங்க. பழசுல ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்னு ஒரு குட்டி கட்டம் இருக்கும், அதுதான் அந்த பூட் பார்ட்டிஷன், புதுசுல இருக்காது. ரெண்டுலயும் இருந்தா பிரச்சன வேற, பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்) பூட் ஆர்டர, அதாவது எந்த டிஸ்க்ல இருந்து மொதல்ல ஸ்டார்ட் ஆகணும்ங்கறத பாருங்க.

குளோன் முடிஞ்சதும் ஷட்டவுன் பண்ணி, பழச கழட்டிட்டு புதுச மட்டும் வெச்சு மொதல்ல ஆன் பண்ணுங்க.

பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வெக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா குளோன் பண்றதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணிடுங்க. அப்புறம் நீங்க ஊரு காட்பாடின்னு போட்டிருக்கீங்க, டெஸ்க்டாப்னா யுபிஎஸ் இல்லாம குளோன் ஆரம்பிக்காதீங்க, அதே வேலூர் பக்கம் சத்துவாச்சாரில எங்க வீட்ல பாதில கரண்ட் போய் மொதல்ல இருந்து பண்ணேன். பழைய டிஸ்க்க ஒரு வாரமாவது ஃபார்மேட் பண்ணாம வெச்சிருங்க, ஃபோட்டோ எல்லாம் அதுலதான இருக்குது.