தாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்காதீர்கள்

நுகர்வோர் கேள்வி-பதில்: ஜாதிப் பூனைக்குட்டி வாங்குவது பற்றி மதுரை வட்டார வாசகர்கள் கேட்டவை

கேள்வி: மகள் பிறந்தநாளுக்குப் பெர்சியன் குட்டி வாங்க நினைக்கிறோம். இன்ஸ்டாகிராமில் மதுரைப் பக்கம் நாலைந்து பேர் விற்கிறார்கள். எல்லாருமே தங்களை 'ஹோம் ப்ரீடர்' என்கிறார்கள். யார் ஒழுங்கானவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, கே.கே.நகர்)

போனில் விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். "தாய்ப் பூனை உங்களிடம்தான் இருக்கிறதா? நேரில் வந்தால் குட்டிகளோடு சேர்த்துக் காட்டுவீர்களா?" இதிலேயே பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். "தாய் ஊர்ல இருக்கு மேடம்", "புது ஆளைப் பார்த்தா கடிக்கும்", "வீட்டுல வேலை நடக்குது, நானே பைபாஸ் ரோட்டுக்குக் கொண்டுவந்து தர்றேன்" என்றெல்லாம் சொன்னால், அவர் வளர்ப்பவர் அல்ல, வாங்கி விற்பவர். குட்டி எங்கே பிறந்தது, எத்தனை இடம் கைமாறி வந்தது என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

தாயைத் தண்ணீர்த் துறையில் கண்டால் பிள்ளையை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்பார்கள். பூனை விஷயத்தில் அது அப்படியே பொருந்தும். பால் கொடுத்த தாய் கொஞ்சம் மெலிந்திருக்கும், முடியும் கொட்டியிருக்கும், அதில் தப்பில்லை. ஆனால் அதன் கண்ணில் பீளை இருக்கக் கூடாது. வாயை மூடியபடி சத்தமில்லாமல் மூச்சுவிட வேண்டும். வீட்டுக்காரரைப் பார்த்ததும் பதுங்கக் கூடாது. வயிற்றுப் பக்கம் காம்புகள் புடைத்துத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். வேறொரு பூனையைக் கொண்டுவந்து 'இதுதான் தாய்' என்று காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து, அந்தப் பெட்டை இதற்கு முன் எப்போது குட்டி போட்டது என்று கேளுங்கள். பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். பால் கொடுக்கும்போதே மறுபடி சினைக்கு வந்துவிடும் என்பதால், பணத்தாசை பிடித்தவர் கையில் அது ஓயாமல் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு ஆண்டுக்கு மூன்று ஈற்றுக்கு மேல் கூடாது என்பது ஃபீஃபே என்ற சர்வதேசப் பூனைச் சங்கத்தின் வரம்பு. தேதி சொல்லத் தடுமாறுகிறவரையும், எந்த மாதம் கேட்டாலும் "ஸ்டாக் இருக்கு" என்கிறவரையும் விட்டுவிடுங்கள்.

பிறகு குட்டியைக் கையில் வாங்குங்கள். காதுக்குள் காப்பித்தூள் போலக் கறுப்பாக அழுக்கு இருந்தால் காதுச் சிற்றுண்ணி. வாலைத் தூக்கிப் பார்த்து அடியில் முடி ஒட்டிப்போயிருந்தால் கழிச்சல். உடம்பு ஒட்டி வயிறு மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் குடற்புழு. காது ஓரம், மூக்குத்தண்டு, பாதம் ஆகிய மூன்று இடத்திலும் முடியை விலக்கிப் பாருங்கள். வட்டமாக முடி கொட்டித் தோல் பொருக்கு விட்டிருந்தால் படர்தாமரை. நீள முடி இனங்களில் இது சகஜம், குழந்தைகளுக்கும் ஒட்டும். "பால் பட்டு முடி போச்சு" என்ற சமாதானத்தை நம்ப வேண்டாம். உடன் பிறந்த குட்டிகளில் ஒன்று தும்மினாலும் அன்றைக்கு எதையும் எடுக்காதீர்கள்.

நல்ல வளர்ப்பாளர் உங்களையும் குடைந்து கேட்பார். பால்கனிக்கு வலை உண்டா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், கருத்தடை செய்வீர்களா, முடியாமல் போனால் என்னிடமே திருப்பித் தருவீர்களா என்பார். இதற்குக் கோபப்படாதீர்கள். "அண்ணே, இன்னைக்கே எடுக்கலைன்னா வேற பார்ட்டிக்குப் போயிரும்" என்று அவசரப்படுத்துகிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கேள்வி: 45 நாள் குட்டி தருவதாகச் சொல்கிறார். சின்னதிலேயே எடுத்தால்தான் பழகுமாம். தடுப்பூசி போட்டாச்சு, புத்தகம் பிறகு தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா? (வாசகர், திருமங்கலம்)

வேண்டாம். 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியைக் கடையில் விற்கவே கூடாது. அந்தக் கடையும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் என்பது சட்டத்தின் கீழ்எல்லைதான். பொறுப்பான வளர்ப்பாளர்கள் 12 வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பதில்லை. கடிக்காமல் விளையாடுவது, மணல் தட்டில் போவது இரண்டையும் குட்டி அந்த வாரங்களில்தான் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்தால் பழகும் என்பது விற்கிறவருக்குத் தீனிச் செலவு மிச்சமாவதற்காகச் சொல்லும் கதை.

வயதை நீங்களே ஓரளவு கணிக்கலாம். ஆறேழு வாரம் வரை எல்லாக் குட்டிக்கும் கண் மங்கலான நீலம்தான். அதற்குப் பிறகே சொந்த நிறம் ஏறும். (வெள்ளைப் பூனை, ஹிமாலயன் போன்றவற்றில் நீலம் நிலைத்துவிடுவதால் இது உதவாது.) எட்டு வாரத்தில் 26 பால்பற்களும் வந்திருக்கும். கடைவாய் ஓரம் ஈறு மட்டும் இருந்தால் வயது குறைவு. எடை மாதத்துக்கு ஏறக்குறைய 450 கிராம் கூடும். 'மூணு மாசம்' என்று சொல்லும் குட்டி தராசில் 700 கிராம் காட்டினால், வயது பொய்யாக இருக்கலாம், அல்லது குட்டி நோஞ்சானாக இருக்கலாம்.

தடுப்பூசிக்கு வருவோம். பேன்லுகோபீனியா, கேலிசி, ஹெர்பிஸ் ஆகிய மூன்று வைரஸ்களுக்கான மூன்று-இன்-ஒன் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். ஒரு ஊசி ஏன் போதாது? தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப்பொருள் குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. எந்த வாரத்தில் அது கரையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால் 45 நாளில் ஒரு ஊசி போட்டுவிட்டு 'வாக்சினேட்டட்' என்று விற்பதில் அர்த்தமில்லை. வெறிநாய்க்கடி ஊசி 12 வாரத்துக்குப் பிறகு.

புத்தகம் இல்லையென்றால் ஊசி போடவில்லை என்றே கணக்கு. புத்தகத்தில் ஊசி மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிள் இருக்க வேண்டும். அதில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். பக்கத்தில் கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் வேண்டும். லேபிளில் உள்ள மருந்து பூனைக்கானதா என்றும் படித்துப் பாருங்கள். நாய் ஊசி லேபிளை ஒட்டி ஏமாற்றுவதும் நடக்கிறது. குடற்புழு மருந்து கொடுத்த தேதிகளும் அதே புத்தகத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: பேப்பர் (வம்சப் பதிவுத்தாள்) உள்ள குட்டிக்குக் கூடுதல் விலை. 'கேசிஐ சர்டிஃபிகேட்டும்' தருகிறாராம். அதற்குக் கொடுக்கலாமா? (வாசகர், திருநகர்)

கேசிஐ என்பது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. அது நாய்களைப் பதிவு செய்யும் அமைப்பு. பூனைக்குட்டிக்கு அதன் சான்றிதழ் தருகிறேன் என்று சொன்ன இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம். பூனைகளுக்குப் பதிவுத்தாள் தருபவை டபிள்யூசிஎஃப், டிக்கா, சிஎஃப்ஏ போன்ற சங்கங்களும் அவற்றோடு இணைந்த இந்திய கிளப்புகளும்தான். தாளில் தாய் தந்தையின் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணைச் சங்கத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, உண்மையா என்று கேளுங்கள். தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப் உண்டு என்றால், 15 இலக்க எண்ணை மருத்துவரிடம் ஸ்கேனரால் வாசிக்கச் சொல்லித் தாளோடு ஒப்பிடுங்கள். 2017-இல் வந்த இனப்பெருக்க, விற்பனை விதிகள் நாய்களுக்கானவை என்பதால், "கவர்மென்ட் லைசன்ஸ் பெற்ற பூனை ப்ரீடர்" என்று யாராவது சொன்னால் எந்த லைசன்ஸ் என்று காட்டச் சொல்லுங்கள்.

உண்மையில், வம்சத்தாளைவிட நாங்கள் மதிப்பது இன்னொரு தாளை: தாய், தந்தை இரண்டுக்கும் எடுத்த பிகேடி மரபணுச் சோதனை முடிவு. பெர்சியன் இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உருவாகும் பரம்பரை நோய் இது. காரணமான மரபணுப் பிழை 2004-இல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குட்டி பார்க்க ஜம்மென்று இருக்கும். பெரும்பாலும் ஏழு வயது வாக்கில்தான் தண்ணீர் அதிகம் குடிப்பது, மெலிவது, வாந்தி என்று வெளியே தெரியும். குணப்படுத்த மருந்து கிடையாது.

சோதனைக்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும், ஆயுளுக்கு ஒருமுறைதான். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்றால் பத்து மாதம் கடந்த பூனைக்கே நம்பகமானது. குட்டியை ஸ்கேன் செய்து 'கிளியர்' என்று காட்டுவதற்கு மதிப்பில்லை. முடிவுத்தாளில் உள்ள சிப் எண் அந்தத் தாய்ப் பூனையுடையதுதானா என்பதையும் சரிபாருங்கள். மெய்ன் கூன், ராக்டால் வாங்குகிறவர்கள் இதே போல ஹெச்சிஎம் என்ற இதயத்தசை நோய்க்கான சோதனையைக் கேட்க வேண்டும்.

நம் பக்கம் இந்தச் சோதனை செய்தவர்கள் குறைவுதான். ஆனாலும் கேளுங்கள். "அப்படின்னா என்ன?" என்று கேட்பவருக்கும், "இன்னும் எடுக்கலை, செலவை நீங்க ஏத்துக்கிட்டா எடுத்துடலாம்" என்பவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாமவரோடு பேசலாம்.

கேள்வி: பெங்களூரிலிருந்து ஆம்னி பஸ்ஸில் ஏற்றி மாட்டுத்தாவணியில் கிடைக்கச் செய்கிறேன், பாதிப் பணம் ஜிபே பண்ணுங்கள் என்கிறார்கள். நம்பலாமா? (வாசகர், மேலூர்)

கூடாது. முதலில் அட்வான்ஸ், பிறகு கூண்டுக் கட்டணம், பிறகு 'இன்ஷூரன்ஸ்' என்று கேட்டுக்கொண்டே போய் நம்பரை பிளாக் செய்வது பழகிப்போன மோசடி. உண்மையிலேயே குட்டி வந்தாலும், இரவு முழுக்கக் காற்றில்லாத லக்கேஜ் பெட்டியில் தண்ணீரில்லாமல் வந்த குட்டி எப்படி இருக்கும்? பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தக் கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

கேள்வி: வாங்கிய நான்காம் நாள் குட்டி வாந்தி, கழிச்சல் வந்து ஆறாம் நாள் இறந்துவிட்டது. 'வித்த பொருள் திருப்பி எடுக்கப்படாது' என்கிறார் விற்றவர். பில் தரவில்லை. ஏதாவது செய்ய முடியுமா? (வாசகி, அண்ணாநகர்)

முடியும். ஆனால் ஆதாரம் வேண்டும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பேன்லுகோபீனியாவோடு பொருந்துகின்றன. பேச்சுவழக்கில் 'கேட் பார்வோ' என்பார்கள். தொற்றிய பிறகு அறிகுறி தெரிய இரண்டு முதல் பத்து நாள் பிடிக்கும். ஆகவே நான்காம் நாளே படுத்த குட்டி நோயோடுதான் வந்தது என்று வாதாட இடமுண்டு. ஆனால் உங்கள் வீட்டில் வேறு பூனை இருந்தாலோ, தெருப்பூனை வந்துபோனாலோ எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். சிகிச்சை அளித்த மருத்துவரிடம் தேதியோடு எழுத்தில் வாங்குங்கள். மலத்தில் பார்வோ சோதனை அட்டை வைத்துப் பார்த்திருந்தால் அதன் முடிவும் வேண்டும். இனி யாருக்காவது இப்படி நேர்ந்தால், குட்டியின் உடலைப் புதைத்துவிடாதீர்கள். ஐஸ் வைத்த பெட்டியில் வைத்து அன்றே தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசு கெட்டுவிடும்.

சட்டத்தில் உங்கள் பக்கம் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பில் தராததையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எழுதாவிட்டால் 30 நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இப்போதே சேமியுங்கள். "நான் வியாபாரி இல்லை, வீட்டுப்பூனை போட்ட குட்டியைக் கொடுத்தேன்" என்று அவர் தப்பிக்கப் பார்ப்பார். அவருடைய சமூக ஊடகப் பக்கத்தில் பல ஈற்றுக் குட்டிகளை விற்ற பதிவுகள் இருந்தால் அவற்றையும் எடுத்து வையுங்கள்.

விவரங்களை எழுதி, பணத்தைக் கேட்டு, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். குட்டி விலையோடு மருத்துவச் செலவு ரசீதுகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

வழக்கைவிட அவசரமான வேலை வீட்டில் இருக்கிறது. இந்த வைரஸ் தரையில், துணியில் ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும். ஃபினாயிலை நம்பிப் பயனில்லை. அதோடு ஃபினால் கலந்த திரவங்கள் பூனைக்கு விஷம். முதலில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, வீட்டு உபயோக ப்ளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 32 பங்கு (ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லி) கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ப்ளீச்சோடு ஆசிட்டோ டாய்லெட் கிளீனரோ கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும். மெத்தை, மணல் தட்டு, துணிப் பொம்மை எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். அடுத்து வரும் பூனை ஊசித் தொடரை முழுவதும் முடித்த பிறகே வீட்டுக்குள் வரட்டும்.

கேள்வி: பெர்சியனில் 'எக்ஸ்ட்ரீம் பஞ்ச்' (மிகத் தட்டையான) முகம் வாங்கலாமா, 'டால் ஃபேஸ்' (மூக்கு எடுப்பான சாதாரண முகம்) போதுமா? எங்களுக்கு மொட்டைமாடி வீடு, ஏசி இல்லை. (வாசகர், உசிலம்பட்டி)

டால் ஃபேஸ். முகம் எவ்வளவு தட்டையோ அவ்வளவுக்கு மூக்குத்துளை சுருங்கும், கண்ணீர்க் குழாய் வளையும், தினமும் கண்ணைத் துடைத்தே ஓய்ந்துவிடுவீர்கள். கத்திரி வெயிலில் மாடிக்குக் கீழே உள்ள அறையில் நீள முடியோடு, சரியாக மூச்சும் விட முடியாத பூனை என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். பூனை வாய் திறந்து இரைத்தால் அது நாய்க்குப் போலச் சாதாரணம் அல்ல. ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே வைத்து, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். முடி மிக அடர்த்தி என்பதை 'டிரிபிள் கோட்' என்று சொல்லிக் கேட்கும் கூடுதல் விலைக்கும் இதே பதில்தான்.

கேள்வி: காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டு குட்டி ஒன்று வருகிறது. நல்ல ப்ரீடர்தான். எடுக்கலாமா? (வாசகி, திருப்பரங்குன்றம்)

காதை மடிக்கும் அதே மரபணுதான் மூட்டுக் குருத்தெலும்பையும் கெடுக்கிறது. வால் விறைத்து, கால் வீங்கி, குதிக்க வலிக்கும் பூனையாக அது வளரக்கூடும். பிரிட்டனின் பூனைப் பதிவுச் சங்கமான ஜிசிசிஎஃப் இந்த இனத்தைப் பதிவே செய்வதில்லை. எவ்வளவு நல்ல வளர்ப்பாளரிடமிருந்து வந்தாலும் மடிந்த காதுக் குட்டியை வாங்க வேண்டாம். அதே ஈற்றில் காது நிமிர்ந்த குட்டி இருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள். விலையும் குறைவாகத்தான் சொல்வார்கள்.